உன் தலையில் கை வைத்துச் சொன்ன பொய்

ராசா,

இந்தக் கடிதத்தின் தலையில் உன் பெயரை எழுதத்தான் பேனையை எடுத்தேன். எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் கனநேரம் இருந்துவிட்டு, ராசா என்று போட்டிருக்கிறேன். சின்ன வயதில் உங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் நீ "அம்மா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். நேரில் சொன்னால் நான் அழுவேன், நீ எழும்பிப் போய்விடுவாய். கடிதம் என்றால் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிட்டு ஆறினபிறகு வாசிக்கலாம்.

உனக்கு உதைபந்தாட்டம் பழக்கிய கோச் செத்து இன்றைக்குப் பதினொரு நாள். நான் அந்தச் செத்தவீட்டுக்குப் போனது தெரிந்து நீ போன் எடுத்துக் கத்தினாய். "காட்டிக் குடுத்தவன்ர செத்தவீட்டில உங்களுக்கு என்னம்மா வேலை? சனம் என்ன நினைக்கும்?" என்றாய். எட்டு வருசமாக வாய் திறக்காதவள் அந்த ஒரு நிமிசத்தில் என்னத்தைச் சொல்ல? ஆனால் உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்குவதைப் பார்க்கப் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்கு முதல் நீ இதை வாசித்துவிட வேண்டும். அந்த மனிதர் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவரைக் கெடுத்தது நான்.

கொழும்பில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு துண்டு தெரியாது, அதையும் எழுதுகிறேன். அப்பா கனடாவிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஸ்பொன்சர் போட்ட நேரம் உனக்குப் பத்தொன்பது தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் பிள்ளை என்று எடுக்க மாட்டார்கள் என்றார்கள். உன் தம்பி சின்னவனுக்குப் பதினாறு. உன்னை அந்தச் சண்டைக்குள் விட்டுவிட்டு எப்படி வருவது என்று நான் அழுதுகொண்டிருந்த நாட்களில்தான் சின்னவன் போனான். பாண் வாங்கச் சைக்கிளில் போனவனை ஆமி ஹெலிகொப்டர் சுட்டுக் கொன்றது. சாவைப் பதிய ஒரு கந்தோரும் திறந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கொழும்பு லொட்ஜில் கடதாசி அலுவல் பார்க்கிறவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்களிட்ட ஒரு பேர் சும்மா கிடக்குதல்லோ." அப்போது நீ கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாய். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ராசா. வரவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "அது சரிவருமோ தம்பி?" என்றுதான் கேட்டேன். வேறு வழியில்லை என்று அவர் சொன்னதாகத்தான் பிறகு உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நீ இங்க நிண்டா உன்னையும் நான் சாகக் குடுக்க வேணும்" என்று சொல்லித்தான் உன்னைப் பிளேனில் ஏற்றினேன். சின்னவனுடைய பிறப்புச் சான்றிதழ் உன் சட்டைப்பையில் இருந்தது.

கனடாவில், மல்வேர்னில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. நீ பதினாறு வயதுக்காரனாகப் பள்ளிக்கூடம் போனாய். காலையிலும் பின்னேரமும் முகம் வழித்தாய். "உனக்கென்னடா, கரடியே?" என்று அப்பா பகிடி விடுவார், பிறகு தானே எழும்பி ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். சின்னவனுடைய படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. மாலை போட்ட படத்தைக் கண்டால் வருகிற சனம் "உது ஆர் அக்கா?" என்று கேட்கும். அதனால் குசினி அலுமாரியில் தூள் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தேன். ஒவ்வொரு நாளும் கறிக்குத் தூள் எடுக்கிறபோது அவனைப் பார்ப்பேன். அவனுடைய படச்சட்டம் முழுக்க மிளகாய்த்தூள் வாசம்.

அந்தக் காலத்தில்தான் கோச் வந்தார். நான் துப்பரவு செய்யப் போன விளையாட்டு மண்டபத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை இருந்தது. இங்கிலாந்தின் வடக்கில் நிலக்கரி ஊரில் பிறந்தவர். பதினொரு வருசம் அங்கே ஒரு சின்ன கிளப்பில் பின்வரிசையில் விளையாடி, முழங்கால் போனபிறகு கோச் ஆகி நாடு நாடாகத் திரிந்தவர். முதலில் ஆபிரிக்காவில் ஒரு நாடு. அங்கே ஆட்சி மாறியதும் பிளேனில் ஏற்றினார்கள். பிறகு அரபு நாடு. பெரிய இடத்துப் பையன் ஒருவனை அணியில் சேர்க்க மாட்டேன் என்றதற்கு அங்கேயும் ஏற்றினார்கள். கடைசியில் கனடா. இதெல்லாம் அவர் எங்கள் குசினி மேசையில் இருந்து சொன்னது, நீ எனக்குத் தமிழில் சொன்னது. "இங்கயிருந்து தன்னை ஒருத்தரும் கலைக்க மாட்டினமாம் அம்மா. இங்க ஒருத்தருக்கும் பந்தடி முக்கியமில்லையாம்" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ கனடாவில் சிரித்தது அந்த மேசையில்தான். தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுவார். நீ கூப்பிடுவதைக் கேட்டு என் பெயரே அம்மா என்று நினைத்து, கடைசிவரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அவருடைய அணியில் ஒரு சட்டம் இருந்தது. ஆருக்குப் பந்தைக் கொடுக்கிறாயோ அவனுடைய பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லாமல் கொடுத்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். முதல் நாட்களில் சின்னவனுடைய பெயரை எல்லோரும் கத்துவார்கள், நீ திரும்ப மாட்டாய். பந்து உன் பக்கத்தால் போகும், நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாய். பாவம் அந்த மனிதர், ஷெல் சத்தத்தில் உன் காது செவிடாகிவிட்டது என்று நினைத்தார். தன் காரிலேயே காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். காது நல்லாயிருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது அவர்தான் என்னைவிடச் சந்தோசப்பட்டார். பிறகு நீ பழகிவிட்டாய். சனிக்கிழமைகளில் நான் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். பத்துப் பிள்ளைகளும் அந்தக் கிழவனுமாகச் சின்னவனுடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கண்ணை மூடினால் அவன் அந்தப் புல்லில் ஓடுவான். திறந்தால் நீ. மற்றத் தாய்மார், "உங்கட மகன் கோல் அடிக்கேக்குள்ள அழுறீங்கள், என்ன அன்ரி, சந்தோசமோ?" என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

நீ அவர்களைவிட மூன்று வயது மூத்தவன். அதனால்தான் அப்படி விளையாடினாய் என்று சனம் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை, கோச்சும் கடைசிவரை நினைக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கோப்பையை நீங்கள் வென்றவுடன் தோற்ற அணியில் ஒரு தமிழ்த் தகப்பன், உன்னை ஊரில் பள்ளிக்கூட அணியில் கண்டிருக்கிறேன், இவனுக்கு இருபது வயது என்று முறைப்பாடு கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கோச் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலையில். "இதை நான் நம்பவில்லை. ஆனால் கமிட்டி என்னைக் கேட்கும். தாய் சொல்வதைத்தான் நான் அங்கே சொல்லுவேன்" என்றார். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, என்ர வயசு சரியோ எண்டு கேக்கிறார்" என்றாய். நான் உன்னைக் கிட்டக் கூப்பிட்டு உன் தலையில் கை வைத்தேன். குளித்துவிட்டு வந்திருந்தாய், தலைமயிர் ஈரம். "இந்தப் பிள்ளைக்குப் பதினேழு ஆக இன்னும் ஒரு மாதம் கிடக்கு. பொய்யெண்டால் இவன் உருப்படான்" என்றேன். நீ முதல் பாதியைத்தான் இங்கிலீசில் சொன்னாய். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரு தாய் பிள்ளையின் தலையைத் தொட்டால் எந்த நாட்டு மனிதனுக்கும் விளங்கும். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தப் பிறப்புச் சான்றிதழின் கொப்பியையும் கொண்டுபோய்க் கமிட்டியில் வைத்துத் தன் பெயரால் உறுதி சொன்னார். அவர்களும் நம்பினார்கள்.

இதுவரை உனக்குத் தெரியும். இனித்தான் தெரியாது. இரண்டு கிழமை கழித்து, நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலைநேரம் சின்னவனுடைய திதி. ஐயரைக் கூப்பிட முடியாது, படையலும் போட முடியாது. அலுமாரிக் கதவைத் திறந்து, தூள் போத்தல்களை விலக்கி, அவனுக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலை ஒரு சின்னத் தட்டில் வைத்திருந்தேன். ஆரோ கதவில் தட்டினார்கள். கோச் சிரித்துக்கொண்டு நின்றார், கையில் ஒரு கடிதம். இங்கிலாந்தில் அவருடைய பழைய கிளப் உன்னைப் பத்து நாள் வரச் சொல்லி எழுதியிருந்தது, விளையாட்டைப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்று. ஓம் ராசா. அப்படி ஒரு கடிதம் வந்தது. அவர் வழக்கம் போலக் குசினிக்குள் வந்தார், விளக்கைக் கண்டார், ஆர் என்று கேட்டார். என் மகன் என்றேன். இன்னொரு மகனா, பெயர் என்ன என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவனுடைய நாள். அன்றைக்கு மட்டுமாவது அந்தப் பெயர் அவனுக்கு வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் இல்லை.

மாதக்கணக்காக அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியவர் கதிரையில் இருந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த துப்பரவு வேலை இங்கிலீசில் சொன்னேன்: அவன் செத்தான், இவன் இருக்கிறான், கடதாசி ஒன்று. தெரிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். பிளேன் என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உன்னுடைய உண்மையான பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், வாயில் சரியாக வரவில்லை. நான் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த மாதமே முறைப்பாடு கொடுத்தவர் உன் ஊர்ப் பள்ளிக்கூட அணியின் படத்தை எங்கிருந்தோ எடுத்துக் கமிட்டியில் கொடுத்தார். படத்துக்குக் கீழே உன் சொந்தப் பெயர் இருந்தது. இமிகிரேசனிடம் கேட்டுப் பார்ப்போம் என்று கமிட்டி முடிவெடுத்தது. அவர்கள் கேட்பதற்கு முதல் கோச் போய், கேட்கத் தேவையில்லை, பையனுக்கு வயது கூடத்தான், தாய் சரியான வயதைத்தான் எனக்குச் சொன்னாள், அந்தக் கொப்பியில் பெயரையும் வருசத்தையும் மாற்றி ஒட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டார். கோப்பை வேண்டும் என்ற ஆசையில் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார், இமிகிரேசனிடம் கேட்கிற கதை அதோடு நின்றது. கதவு பூட்டிய அறையில் நடந்தது அது. பத்திரிகையில் வந்ததெல்லாம், வயது கூடிய பிள்ளையை இறக்கியதைக் கோச் ஒத்துக்கொண்டார், சாகும்வரை கோச் வேலை பார்க்கத் தடை என்ற இரண்டு வரிதான். அதை வாசித்துவிட்டு நீ வந்து, "வெள்ளையன் என்னைக் காட்டிக் குடுத்திட்டான் அம்மா" என்று சொல்லிச் சப்பாத்தைக் குப்பைக்குள் போட்டாய். பிறகு ஏன் ஒரு பொலிசும் எங்கள் கதவைத் தட்டவில்லை என்று நீ ஒரு நாளும் யோசிக்கவில்லை. நீ யோசிக்கக் கூடாது என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தான் சொல்லிவிட்டு வந்ததை அவர் அன்றைக்கே மண்டபத்தில் என்னிடம் வந்து சொன்னார். எனக்கு விளங்கும்வரை மெதுவாக, திருப்பித் திருப்பி. நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்டேன். "நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது அம்மா. நல்லாய் விளையாடுகிற ஒருவனை எடுத்துவிட்டு மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ காணாது, வீட்டுக்குப் போ என்று சொல்லுவதுதான் என் வேலை. எத்தனை நாடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். இவனை அனுப்ப என்னால் ஏலாது" என்றார். பிறகு, அவனுக்குச் சொல்ல வேண்டாம், தெரிந்தால் அவனே வந்து உண்மையைச் சொல்லுவான் என்றார். நீ அப்படிப்பட்ட பிள்ளை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் பயந்து வாயை மூடினேன். முதல் வருசம் அந்தப் பயம். பிறகு வெட்கம். அதற்குப் பிறகு பழக்கம்.

அந்த மாரியில் பஸ் தரிப்பில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. அவர் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், சாப்பாட்டுப் பையோடு பனிக்குள் நின்றார். நீ கிட்டப் போய்க் காட்டிக் கொடுத்தவன் என்று தமிழில் சொன்னாய், விளங்கட்டும் என்று இங்கிலீசிலும் சொன்னாய், பிறகு அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் துப்பினாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினார். பஸ் வந்தது. நான் உன்னோடு ஏறிவிட்டேன். நான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கொழும்பில் செய்தது உன் உயிருக்காக, சத்தியம் செய்தது கடதாசிக்காக. அந்தப் பஸ்ஸில் ஏறியது ஒன்றுக்காகவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் என்ற சொல் எங்கள் சனத்தில் என்ன பாரம் என்று உனக்குத் தெரியும், நீதான் அதைப் பரப்பினாய். விடிய வேலைக்குப் போகிற பஸ்ஸில் எட்டு வருசம் அவரும் நானும் போனோம். நான் எழும்பி இடம் கொடுத்தால் அந்த முழங்காலோடு மாட்டேன் என்பார். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: பையன் எப்படி, விளையாடுகிறானா? இல்லை என்பேன். அவர் ஜன்னலைப் பார்ப்பார். நீ திரும்பப் பந்தைத் தொடவில்லை என்பதுதான் அவருக்கு விழுந்த தண்டனை, அந்தத் தடை இல்லை. போன கிழமை நாலைந்து நாள் அவரைப் பஸ்ஸில் காணவில்லை. அவருடைய கட்டடத்துக்குத் தேடிப் போனேன். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று அங்கே வேலை செய்கிறவர் சொன்னார். செத்தவீட்டில் என்னோடு ஆறு பேர். வாசலில் தந்த அட்டையில் அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன, ஒன்றும் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. நான் கைப்பையில் கொஞ்சம் அரிசி கொண்டு போயிருந்தேன். மற்றவர்கள் திரும்பிய நேரம் பார்த்து அவருடைய வாயடியில் மூன்று தரம் போட்டேன். கறுப்புக் கோட்டுப் போட்டவர் ஒருவர் கண்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். அது நீ போட வேண்டிய அரிசி.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? அப்பா செத்து, அவரை எரிக்கக் கொள்ளிக்குப் பதிலாக நீ சுவிட்சை அழுத்தியபோது ஐயர் மகனுடைய பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நீ சின்னவனுடையதைச் சொன்னாய். அன்றைக்குச் செத்த பிள்ளை வந்து தகப்பனுக்குக் கொள்ளி வைத்தது. அதையும் பொறுத்தேன். போன பங்குனியில் பெண் வீட்டார் சாதகம் கேட்டார்கள். "சின்னவன்ரையைக் குடுங்கோ அம்மா, கடதாசியோட ஒத்துப்போகும்" என்றாய். கொடுத்தேன். பெண்ணின் தாய் போன் எடுத்துச் சந்தோசத்தில், "பொருத்தம் நல்லாயிருக்காம் அன்ரி, மாப்பிள்ளைக்கு எண்பது வயசு வரைக்கும் ஆயுள் கெட்டியாம்" என்றாள். நான் போனை வைத்துவிட்டு அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். பதினாறு வயதில் பாண் வாங்கப் போனவனுக்கு எண்பது வயது.

அந்தப் பெண்ணுக்கு நீ ஆர் என்று சொல்லு, ராசா. தாலி கட்டுவதற்கு முதல் சொல்லு. விட்டுவிட்டுப் போகிறவள் என்றால் இப்போதே போகட்டும். ஒரு வீட்டுக்குள் பொய்யோடு இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். கறிக்குத் தூள் எடுக்கக்கூடப் பயமாக இருக்கும். பிறகு, உன்னோடு பந்தடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கோச் என்ன செய்தார் என்று சொல்லு. கடதாசிக்கு என்ன ஆகும் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. பயமில்லை என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். பிள்ளையை வெருட்டிச் செய்வித்தது நான்தான் என்று எங்கே வேண்டுமென்றாலும் வந்து கையெழுத்துப் போடுவேன். அந்த மனிதர் தான் செய்யாததற்கே போட்டார்.

நேற்று ஆணி வாங்கி வந்தேன். சின்னவனுடைய படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, தூளைத் துடைத்து, முன்னறைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருக்கிறேன். கோச் உங்கள் எல்லோரோடும் நிற்கிற அணிப் படத்தைப் பக்கத்தில் மாட்டினேன். அன்றைக்கு நீ சப்பாத்தோடு சேர்த்துக் குப்பைக்குள் போட்டதை நான் எடுத்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண் வீட்டார் வருவார்கள். சோபாவில் இருந்தால் நேரே அந்தச் சுவர்தான். "உது ஆர் அன்ரி?" என்று ஆரோ ஒருவர் கேட்பார்.

கேட்டால் நான் பெயரைச் சொல்லுவேன். அதற்கு முதல் சொல்ல உனக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

அம்மா